காசை ஃபிலிமில் போடு, கண்ணு

கண்ணு, கடையில் நின்று நீ எடுத்து அனுப்பிய நான்கு கேமராக்களின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் என்று எழுதியிருக்கிறாய். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பளபளவென்று இருக்கும் கேனான் ஏஇ-1 வேண்டாம். ஒலிம்பஸ் ஓஎம்-1 அருமையான பொருள், ஆனால் இப்போது உனக்கு வேண்டாம். பென்டாக்ஸ் கே1000-க்குக் கடைக்காரர் கேட்பது அதன் பேருக்கான விலை. தூசி படிந்து, மேல்மூடியில் கீறலோடு ஓரமாகக் கிடக்கிறதே நிகான் எஃப்எம்10, அதைக் கையில் எடுத்துப் பார். நான் சொல்லப்போகும் சோதனைகளில் அது தேறினால் அதையே வாங்கு. மிச்சமாகும் பணம் முழுவதையும் ஃபிலிமுக்கு ஒதுக்கு.

ஏஇ-1 வந்தது 1976-இல். உள்ளே மின்னணுச் சுற்று வைத்து வெளிச்சத்தைத் தானே கணக்குப் போடும் கேமரா என்று உலகமே அதைக் கொண்டாடியது. லட்சக்கணக்கில் விற்றது. அந்தச் சுற்றுதான் இன்று அதன் பலவீனம். ஆறு வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனால் ஷட்டரே விழாது. சுற்று கெட்டுப்போனால் புது பாகம் கிடைக்காது. இன்னொரு ஏஇ-1-ஐப் பிரித்துத்தான் எடுத்துப் போட வேண்டும். பல்சக்கரமும் ஸ்பிரிங்குமாக ஓடும் கேமரா மக்கர் செய்தால், கை தெரிந்த மெக்கானிக் ஒருவர் திறந்து, துடைத்து, எண்ணெய் போட்டு ஓட வைத்துவிடுவார். முதல் கேமரா அந்த ஜாதியாக இருக்கட்டும்.

ஓஎம்-1-இல் சிக்கல் வேறு மாதிரி. பேட்டரி இல்லாமலே ஷட்டர் ஓடும், கைக்கு அடக்கமானது, அதன் வ்யூஃபைண்டர் அவ்வளவு பெரியது, அவ்வளவு வெளிச்சமானது. ஆனால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு அவர்கள் கணக்கு வைத்தது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது கிடைக்கும் ஒன்றரை வோல்ட்டைப் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். காது மெஷின் பேட்டரி ஏறக்குறைய சரியாக வரும், ஆனால் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்த நாளிலிருந்து அது தீர ஆரம்பித்துவிடும். அனுபவசாலி இதையெல்லாம் சமாளிப்பார். வெளிச்சத்தைக் கண்ணால் அளக்க இன்னும் பழகாத உனக்கு, பொய் சொல்லும் மீட்டர் மீட்டரே இல்லாததைவிடக் கெடுதல். மினோல்டா எஸ்ஆர்டி-101 கண்ணில் பட்டாலும் இதே எச்சரிக்கைதான்.

பென்டாக்ஸ் கே1000-ஐப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1976 முதல் 1997 வரை, இருபத்தோரு வருஷம், கிட்டத்தட்ட எதையும் மாற்றாமல் ஒரு கேமராவை ஒரு கம்பெனி செய்து விற்றது என்றால் அந்தப் பொருளின் தரத்தை நீயே புரிந்துகொள். உலகம் முழுக்கப் புகைப்பட மாணவர்கள் அதில்தான் படித்தார்கள். அந்தப் புகழே இப்போது அதன் விலையை ஏற்றிவிட்டது. அதே கம்பெனியின் கேஎம், கேஎக்ஸ் கேமராக்களில் கே1000-ஐவிட ஒன்றிரண்டு வசதிகள் கூடுதலாகவே உண்டு. பேர் தெரியாததால் ஆள் தேடுவதில்லை. பென்டாக்ஸ் லென்ஸ் அப்படியே பொருந்தும் ரிக்கோ கேஆர்-5, விவிடார் வி3800என் இரண்டும் அதே மாதிரி. உன் தோழிகள் யாராவது கேட்டால் இந்தப் பேர்களையும் சொல்.

உன் எஃப்எம்10 கதைக்கு வருகிறேன். மேலே நிகான் என்று எழுதியிருந்தாலும் அதைச் செய்து கொடுத்தது ஜப்பானிலேயே இருக்கும் கொசினா என்ற கம்பெனி. கேனான் டி60, ஒலிம்பஸ் ஓஎம்-2000 எல்லாம் அந்தக் கம்பெனியின் பட்டறையிலிருந்து வந்தவைதான். மூடி வேறு, பேர் வேறு. உள்ளே ஒரே வம்சம். தெரிந்தவர்கள் இதைச் சொல்லி எஃப்எம்10-ஐ இளப்பமாகப் பேசுவார்கள். பேசட்டும். 1982-இல் வந்த எஃப்எம்2-இன் இரும்புத்தனம் இதில் இல்லை என்பது உண்மை. உடம்பு பிளாஸ்டிக், சிமெண்ட் தரையில் விழுந்தால் தாங்காது. ஆனால் ஒரு நொடியிலிருந்து இரண்டாயிரத்தில் ஒரு நொடி வரை எல்லா வேகமும் பேட்டரி இல்லாமல் ஓடும். மீட்டருக்கு மட்டும் இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரி. வாட்ச் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். 2006-இல் நிகான் தன் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியபோதும் உச்சத்தில் இருந்த எஃப்6-ஐயும் அடித்தட்டில் இருந்த இந்த எஃப்எம்10-ஐயும் விட்டுவைத்தது. படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நம் ஊரில் விஸ்காம் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இதை வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்று பீரோவிலிருந்து ஒவ்வொன்றாகக் கடைக்கு வருகிறது.

இனி கடைக்குப் போனதும் செய்ய வேண்டியது. கடைக்காரர் அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடு; பார்க்க நேரம் கொடுக்காதவரிடம் எதையும் வாங்கக் கூடாது, கேமராவுக்கு மட்டும் சொல்லவில்லை.

முதலில் பின்கதவைத் திற. கதவு உட்காரும் பள்ளத்தில் கறுப்பாக ஒரு பஞ்சு ஒட்டியிருக்கும். வெளிச்சம் உள்ளே கசியாமல் காப்பது அதுதான். விரல் நுனியால் தொட்டுப் பார். பல வருஷம் ஆனதில் அது மக்கி, வெயிலில் இளகிய தார் மாதிரி விரலில் ஒட்டும். ஒட்டினால் பயப்படாதே, கேமராவை ஒதுக்கவும் வேண்டாம். பஞ்சு மாற்றுவது சின்ன வேலை. ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்.

அடுத்து லென்ஸைக் கழற்றச் சொல். கதவு திறந்தபடி, வேகத்தை ஒரு நொடிக்கு வைத்து, லீவரை இழுத்து, பட்டனை அமுக்கு. உள்ளே பல்சக்கரம் மெல்ல ஓடும் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். நடுவில் இழுத்தாலோ நின்றாலோ, ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்து உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது என்று அர்த்தம். பிறகு வேகத்தை உச்சத்துக்கு வைத்து, கேமராவை வெளிச்சமான சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமிருந்து பார்த்தபடி அமுக்கு. ஒரு மின்னல் வெட்டாக முழுச் செவ்வகமும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் ஷட்டர் தளர்ந்துவிட்டது. அந்தக் கேமராவை வைத்துவிட்டு வா. இதையெல்லாம் செய்யும்போது ஷட்டர் திரையிலும் உள்ளே இருக்கும் கண்ணாடியிலும் விரல் படக் கூடாது. தூசி தெரிகிறதே என்று துடைக்கவும் கூடாது. வ்யூஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் விழாது.

கீழே பேட்டரி மூடியைக் காசு வைத்துத் திருப்பித் திற. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. கொஞ்சம் என்றால் சுத்தம் செய்யலாம். உள்ளே கம்பி வரை ஏறியிருந்தால் வேண்டாம். புது பேட்டரியை நீயே கொண்டுபோ. போட்டு, பட்டனை லேசாகத் தொட்டபடி சன்னலைப் பார், பிறகு மேசைக்கு அடியில் பார். உள்ளே தெரியும் கூட்டல், கழித்தல் விளக்குகள் மாறி மாறி எரிந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது.

லென்ஸில்தான் நம் ஊரில் அதிகம் ஏமாறுவார்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து, மறுபக்கமிருந்து பார். சிலந்தி நூலாகக் கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ். கடற்கரைக் காற்றில் இருக்கும் சென்னையில் பூட்டி வைத்த லென்ஸ் பாதிக்கு இது இருக்கும். இரண்டொரு தூசிப் புள்ளிக்குக் கவலைப்படாதே. ஃபங்கஸ் இருந்தால் அந்த லென்ஸ் இனாமாக வந்தாலும் தொடாதே, உன் மற்ற லென்ஸ் பக்கத்தில் அதை வைக்கவும் வேண்டாம்.

எஃப்எம்10-உடன் பெரும்பாலும் 35-70 ஜூம் ஒன்று வரும். வெளிச்சம் குறைந்தால் அது திணறும். அதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு 50 எம்எம் லென்ஸ் கேள். 50 எம்எம் 1.8டி என்று நிகான் விற்றது நம் ஊரில் ஏராளமாகப் புழங்குகிறது. அபெர்ச்சர் வளையம் அதிலேயே இருப்பதால் இதற்குப் பொருந்தும், கையால் ஃபோகஸ் திருப்பலாம். உன் அண்ணனின் டிஜிட்டல் கேமராவில் இருக்கும் ‘ஜி’ வகை லென்ஸை இதில் மாட்டாதே. வளையம் இல்லாததால் எப்போதும் மிகச் சின்ன துளையிலேயே நின்றுவிடும். 1977-க்கு முந்தைய பழைய நிகான் லென்ஸ்களையும் அப்படியே மாட்டப் போகாதே. கேமரா மூக்கில் இருக்கும் சின்ன கொக்கி உடைந்துவிடும்.

ஒரே லென்ஸில் என்ன எடுப்பது என்று நீ கேட்பாய். புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். வாழ்நாளில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது லைக்காவும் 50 எம்எம் லென்ஸும்தான். நெருக்கமாக வேண்டுமா, கிட்டே போ. அகலமாக வேண்டுமா, பின்னால் நட. ஆறு மாதம் அந்த ஒரு லென்ஸோடு இருந்தால், கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே எங்கே நிற்பது என்று உன் காலுக்குத் தெரிந்துவிடும்.

கையால் ஃபோகஸ் செய்யக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நடுவில் ஒரு சின்ன வட்டம் இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப மேல்பாதியும் கீழ்ப்பாதியும் நகர்ந்து வந்து ஒட்டும். பிளவு படுக்கைவாக்கில் இருப்பதால் நிமிர்ந்து நிற்கும் கோடு எதையாவது பிடி: தூண், கதவு நிலை, மூக்குக் கண்ணாடியின் ஓரம். எதுவும் இல்லையென்றால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஒட்டவைத்துவிட்டு நிமிர்த்திக்கொள். முகம் என்றால் எப்போதும் கிட்ட இருக்கும் கண்ணில் ஃபோகஸ். சரியான இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வா; அப்போதுதான் எது கூர்மை என்று கண் ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஃபோகஸ் திருப்பும் அந்த நாலைந்து நொடியை வீணாக்காதே. ஸ்டுடியோவில் படம் எடுத்த காலத்தில் நான் கற்றுக்கொண்டதில் இதைப் பெரிதாக நினைக்கிறேன். பென்ஷனுக்குப் படம் எடுக்க வரும் பெரியவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததுமே விறைத்துப்போவார்கள். நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே, “உங்க பக்கம் மழை எப்படிங்க, மஞ்சள் போட்டாச்சுங்களா?” என்பேன். பதில் சொல்ல வாயெடுக்கும்போது தோள் இறங்கும், நெற்றி தளரும், முகம் அவர்களுடையதாக ஆகும். அந்த இடத்தில் அமுக்கிவிடுவேன். தானே ஃபோகஸ் ஆகிவிடும் கேமராவில் பேசுவதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நீ தெருவில் எடுக்கப் போனாலும் இதை மறந்துவிடாதே. முன்னே நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசு, பெயர் கேள், படம் எடுக்கலாமா என்று கேள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மீட்டருக்குத் தெரிந்தது நடுத்தரச் சாம்பல் நிறம் மட்டும்தான். எதைப் பார்த்தாலும் அதைச் சாம்பலாக்கத்தான் கணக்குச் சொல்லும். வெள்ளைவேட்டிக்காரர் ஒருவர் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நின்றால் மீட்டர் சுவரையும் வேட்டியையும் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். சுவர் அழுக்காகும், அவர் முகம் கரியாகும். நம் மக்களின் கறுத்த அழகான முகங்கள் எத்தனை கல்யாண ஆல்பத்தில் இப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையைப் பிடித்து, கிட்டே கொண்டுபோய் அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி வெளிச்சம், கூட்டிக் கொடு. முகம் முகமாக விழும். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் கூடின வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்ததைப் பொறுக்காது. இருட்டாக விழுந்த இடத்தில் பின்னால் எந்த வித்தையாலும் எதையும் வரவழைக்க முடியாது.

இப்போது ஃபிலிம். நான் பிரிண்ட் போட்ட காலத்தில் ஊட்டியிலிருந்து ‘இந்து’ போட்டோ பேப்பர் வரும். 1960-இல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியின் குளிரையும் சுத்தமான காற்றையும் நம்பி அமைந்த ஆலை. அது மூடிப்போனது. இன்று நீ வாங்கும் ரோல், கோடக் என்றால் அமெரிக்காவின் ராசெஸ்டரிலிருந்தும் இல்ஃபோர்டு என்றால் இங்கிலாந்தின் மொபர்லியிலிருந்தும் கப்பலேறி வருகிறது. ரோலும் கழுவும் கூலியும் ஸ்கேனும் சேர்ந்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும்; ஒரு தடவை அமுக்கினால் முப்பது ரூபாய் என்று வைத்துக்கொள். அதனால்தான் கேமராவில் மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன். விலை உயர்ந்த கேமராவை வாங்கிவிட்டு, ரோல் வாங்கக் காசில்லாமல் மேசைமேல் அழகு பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பத்து ரோல் ஓடிய சாதாரண கேமரா உனக்குச் சொல்லித் தருவதை, ஒரு ரோல் ஓடிய எந்தப் பெரிய கேமராவும் சொல்லித் தராது.

கறுப்பு வெள்ளையில் ஆரம்பி. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், இல்லையென்றால் அதைவிட விலை குறைந்த கென்ட்மியர் 400. பளீரென்ற வெயிலில் 400 ஃபிலிமுக்கு எஃப்16, ஐந்நூறில் ஒரு நொடி; இதை மனப்பாடம் செய்துகொள், மீட்டர் செத்தாலும் படம் விழும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். டி-76 என்ற டெவலப்பர் மருந்தை 20 டிகிரியில் வைக்க வேண்டும். சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீர் சூடாகத்தான் வரும், அதனால் மருந்துக் குவளையைச் சுற்றி ஐஸ் கட்டி போட்ட தட்டு வை. லீவுக்கு வரும்போது அப்புச்சி கூட இருந்து காட்டித் தருகிறேன்.

ரோல் போடும்போது, கதவை மூடி லீவரை இழுக்கையில் இடது பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் மாட்டிக்கொள்ளவில்லை. முப்பத்தாறு படமும் காற்றில்தான். கூடவே ஒரு குட்டி நோட்டு வைத்து ஒவ்வொரு படத்துக்கும் நம்பர், அபெர்ச்சர், வேகம், வெளிச்சம் எப்படி என்று ஒரு வரி எழுது. போனில் எடுக்கும் படத்தில் இதெல்லாம் தானே பதிவாகும். இதில் நீதான் எழுத வேண்டும். எழுதாத ரோலிலிருந்து எதையும் கற்க முடியாது. கேமராவைத் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதே, உறை ஈரம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை.

முதல் ரோலைக் கழுவக் கொடுக்கும்போது ஸ்கேன் மட்டும் போதுமா என்று கேட்பார்கள். போதாது என்று சொல். ஸ்கேன் போனிலேயே வந்துவிடும், நெகட்டிவைச் சில இடங்களில் கேட்டால்தான் கொடுப்பார்கள், கேட்காமல் விட்டால் கொஞ்ச நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆறு ஆறு படமாக வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி எழுதித் தரச் சொல்லி, கையோடு வாங்கிக்கொண்டு வா.